"சும்மா வெளையாட்டுக்குத்தான்": பள்ளியில் பிள்ளை துன்புறுத்தப்பட்டால் பெற்றோர் செய்ய வேண்டியவை

"சும்மா வெளையாட்டுக்குத்தான் பண்ணோம் மிஸ்." வகுப்பில் ஒரு பிள்ளை அழுதுகொண்டு நிற்கும்போது ஆசிரியர் காதில் முதலில் விழும் வாக்கியம் இதுதான். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். அதனாலேயே, உண்மையில்லாத நேரத்திலும் அந்தப் பதில் செல்லுபடியாகிவிடுகிறது.

ஓட்டுவது, கலாய்ப்பது, வம்பிழுப்பது, பட்டப்பெயர் வைப்பது, கா விடுவது, ஒதுக்கி வைப்பது என்று நம்மிடம் சொற்களுக்குக் குறைவில்லை. இவற்றில் பாதி விளையாட்டையும் குறிக்கும், கொடுமையையும் குறிக்கும். எனவே சொல்லை வைத்து முடிவு செய்ய முடியாது. என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நார்வேயில் 1982 இறுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். பள்ளியில் உடன் படித்தவர்களின் கொடுமையே காரணமாகக் கருதப்பட்டது. அடுத்த ஆண்டே அந்நாட்டுக் கல்வித் துறை பள்ளிகளில் தேசிய அளவிலான இயக்கத்தைத் தொடங்கியது. அதில் முன்னின்ற உளவியலாளர் டான் ஓல்வேயுஸ் மூன்று அளவுகோல்களை வைத்தார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இருவருக்கும் பலம் சமமாக இல்லாதது. மூன்றாவதுதான் முக்கியம். சம பலமுள்ள இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் அது சண்டை. மாலையே சேர்ந்து கிரிக்கெட் ஆடுவார்கள். ஒருவனால் திருப்பிச் செய்யவே முடியாது என்ற நிலை வந்துவிட்டால் அது துன்புறுத்தல்.

பலம் என்றதும் உடம்பு மட்டும் நினைவுக்கு வரக் கூடாது. வகுப்பில் ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசியவர் பெயரைப் பலகையில் எழுதும் கிளாஸ் லீடருக்கு ஒரு சாக்பீஸ் போதும். "பேரை எழுதாம இருக்கணும்னா ஸ்நாக்ஸ் டப்பாவைக் குடு" என்று அவன் தினமும் கேட்டால், அவன் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் பலசாலி அவன்தான். ஐந்து பேர் ஒரு பக்கம் நின்றால் அது பலம். இங்கிலீஷ் சரளமாக வருவது, அப்பாவுக்கு ஊரில் செல்வாக்கு இருப்பது, இன்னொருத்தியின் ரகசியம் தெரிந்திருப்பது, எல்லாமே பலம்தான்.

வீட்டில் நீங்களே சோதித்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். இருவருமே சிரிக்கிறார்களா? இன்று கலாய்க்கப்பட்டவன் நாளை கலாய்க்க முடிகிறதா? "போதும், நிறுத்து" என்றால் நிறுத்துகிறார்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் விட்டுவிடலாம். நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை என்றால், அது விளையாட்டு என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

சொல்லாத பிள்ளையை எப்படிப் படிப்பது

பெரும்பாலான பிள்ளைகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அப்பா பள்ளியில் வந்து கத்துவார், அதன் பிறகு இன்னும் அதிகமாக அடி விழும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். அதனால் பையையும் உடம்பையும் நாட்களையும்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர் பாட்டிலிலிருந்து தொடங்குங்கள். காலையில் நிரப்பிக் கொடுத்தது மாலையில் அப்படியே திரும்பி வருகிறதா? வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிள்ளை பாத்ரூமுக்கு ஓடுகிறதா? பள்ளிக் கழிப்பறையில் பெரியவர்கள் கண் படுவதில்லை. அங்கே தொந்தரவு இருந்தால் பிள்ளை அங்கே போகாமல் இருக்கவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும். கழிப்பறை அசுத்தமாக இருப்பதாலும் இப்படி நடக்கும். எதுவானாலும் கேட்க வேண்டிய விஷயம்தான்.

அடுத்தது, வயிற்றுவலி வரும் நாட்கள். ஞாயிறு இரவும் திங்கள் காலையும் வலித்து, விடுமுறையில் ஒரு நாளும் வலிக்காத வயிறு பொய் சொல்வதில்லை. பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும். "நடிக்காதே" என்று சொல்லிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். வலி எந்தெந்தக் கிழமை வருகிறது என்று இரண்டு வாரம் காலண்டரில் குறித்துப் பாருங்கள். புதன்கிழமை மட்டும் வந்தால், புதன் அன்று பி.டி. பீரியட் இருக்கிறதா என்று பாருங்கள்.

பென்சில் பாக்ஸ், ஸ்கேல், டிபன் டப்பா மூடி அடிக்கடி தொலைவது. பத்து ரூபாய் இருபது ரூபாய் கூடுதலாகக் கேட்பது. வேன் வேண்டாம், நடந்தே போகிறேன் என்பது. மாலையில் அகோரப் பசியோடு வருவது. திடீரெனத் தம்பி தங்கையை அடிப்பது. தனியாக ஒன்று நடந்தால் பெரிதாக எடுக்க வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பேச வேண்டிய நேரம்.

பெண் பிள்ளைகளிடம் காயம் தெரியாத வகைத் துன்புறுத்தலை அதிகம் பார்க்கலாம். ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து வேறு இடம் போவது, பிறந்தநாளுக்கு ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு எல்லோரையும் அழைப்பது, "அவகூடப் பேசுனா உன்கூடவும் பேச மாட்டோம்" என்பது. ஆண் பிள்ளைகளிடமும் இது உண்டு. இதைச் சின்ன விஷயம் என்று தள்ளும் பெரியவர்கள், அலுவலகத்தில் ஒரு வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

கேட்கும் விதம்

"யாராவது அடிக்கிறாங்களா?" என்று நேராகக் கேட்டால் "இல்ல" என்றுதான் வரும். சின்னதாக, விவரம் வரும்படி கேளுங்கள். "இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட?" "வேன்ல எந்த சீட்டு?" "டீம் பிரிக்கும்போது உன்னைக் கடைசியாவா எடுத்தாங்க?" "எந்த பீரியட் சீக்கிரம் முடியணும்னு தோணுச்சு?"

எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, தலை பின்னிவிடும்போது, துணி மடிக்கும்போது கேளுங்கள். முகம் பார்க்காத நேரத்தில் பேச்சு வரும். கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். மனதுக்குள் பத்து எண்ணும் வரை அடுத்த கேள்வியைக் கேட்காதீர்கள். பெற்றோர் அவசரப்பட்டு நிரப்பிவிடும் அந்த மௌனத்தில்தான் பிள்ளை சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது.

பிள்ளை சொல்லிவிட்டால், அடுத்து உங்கள் வாயிலிருந்து வரும் வார்த்தைகளை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்திருப்பது நல்லது. கோபம் வந்தால் யோசனை வராது. "சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல தப்பு இல்ல. என்ன பண்ணலாம்னு ரெண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம். உனக்குத் தெரியாம நான் எதுவும் பண்ண மாட்டேன்." இவ்வளவுதான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். பள்ளியில் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கும். சத்தியத்தை உடைத்தால் அடுத்த முறை பிள்ளை வாயே திறக்காது.

நம் வீடுகளில் தானாக வந்துவிடும் சில பதில்கள் ஏன் உதவாது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். "நீ என்ன பண்ணின?" என்பது விசாரணை; பிள்ளை ஏற்கெனவே தன் மேல்தான் தப்போ என்று குழம்பிக்கொண்டிருக்கிறது. "கண்டுக்காத" என்பது ஒருமுறை வந்த கேலிக்குப் பலிக்கலாம். தினமும் நடப்பதற்குப் பலிக்காது. பிள்ளை அழும் வரை சீண்டுபவர்கள் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். "ஆம்பளப் புள்ள அழலாமா" என்பது அழுகையை நிறுத்தாது. இடத்தை மட்டும் மாற்றும், உங்கள் முன்னால் அழாமல் போர்வைக்குள் அழும்.

"திருப்பி ரெண்டு குடு" என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாசத்தில் வரும் வார்த்தை அது. ஆனால் திருப்பிக் கொடுக்க முடிந்திருந்தால் பிள்ளை முன்பே கொடுத்திருக்கும். முடியாததைச் செய்யச் சொன்னால், பள்ளியில் ஒரு தோல்வி, வீட்டில் ஒரு தோல்வி என்று இரண்டாகிவிடும். துணிந்து அடித்துவிட்டாலும், ஆசிரியர் திரும்பிப் பார்க்கும் நேரத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் அந்தக் கடைசி அடிதான். அடிபட்டவன் குற்றவாளி ஆகிவிடுவான்.

அதற்குப் பதிலாக ஒத்திகை பாருங்கள். தினமும் ஐந்து நிமிடம், ஒரு வாரம். இரண்டு கால்களையும் சற்று அகட்டி நேராக நிற்பது, சீண்டுபவன் நெற்றியைப் பார்ப்பது, கத்தாமல் அழுத்தமாக "நிறுத்து. எனக்குப் பிடிக்கல" என்று சொல்வது, பதிலுக்குக் காத்திராமல் பெரியவர் இருக்கும் இடத்துக்கு நடப்பது. கடைசிப் பகுதியைத்தான் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், நின்று வாதாடுவார்கள். நீங்கள் சீண்டுபவராக நடித்துக் காட்டும்போது நிஜப் பட்டப்பெயரைப் பயன்படுத்தாதீர்கள். "ஏய் தக்காளி" என்று ஏதாவது ஒன்று போதும். பள்ளியில் புண்பட்ட பெயரை அம்மா வாயிலிருந்தும் கேட்க வேண்டாம். கத்தி, கல், கூட்டம் என்று வந்துவிட்டால் பேச்சே வேண்டாம், ஓடு என்பதையும் அதே ஒத்திகையில் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு நோட்டு, ஒரு படம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, நேரம், இடம், யார் யார், சொன்ன சொல் அப்படியே, பார்த்தவர்கள், பிள்ளை யாரிடம் சொன்னது, அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். "கெட்ட வார்த்தை சொன்னான்" என்று எழுதினால் பள்ளியில் எடுபடாது. என்ன சொன்னானோ அதையே எழுதுங்கள், எழுதக் கை கூசினாலும். காயம் இருந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள், அளவு தெரியும். கிழிந்த சட்டையைத் தைக்காமல், துவைக்காமல் வையுங்கள். ஒவ்வொரு நாளும் பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்டு நோட்டை நிரப்ப வேண்டாம். தானாகச் சொல்வதை, பிள்ளை தூங்கிய பிறகு எழுதினால் போதும்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளில் பள்ளியை வரையச் சொல்லுங்கள். கேட், வகுப்பறை, மாடிப்படி, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மைதானம், வேன் நிற்கும் இடம். அழகாக இருக்க வேண்டியதில்லை. பயமில்லாத இடத்துக்குப் பச்சை, கொஞ்சம் பயம் என்றால் மஞ்சள், போகவே மாட்டேன் என்ற இடத்துக்குச் சிவப்பு. பேசத் தயங்கும் பிள்ளைகூட வண்ணம் தீட்டிவிடும். தீட்டி முடித்ததும், சிவப்பு இடத்துக்குப் பக்கத்தில் எந்த நேரம் என்று எழுதச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் பள்ளி முழுவதும் சிவப்பாக இருக்காது. மாடிப்படியின் திருப்பம், மதியம் 12.40 முதல் 1 மணி வரை தண்ணீர்க் குழாய், வேனின் கடைசி வரிசை என்று இரண்டு மூன்று இடம்தான் இருக்கும். அந்த இடங்களுக்குள்ள ஒற்றுமையைக் கவனியுங்கள்: அந்த நேரத்தில் அங்கே பெரியவர் யாரும் இருப்பதில்லை. "என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பள்ளியில் கேட்டால் சரி என்பார்கள், மறந்துவிடுவார்கள். "மதியம் இருபது நிமிடம் குழாய் பக்கத்தில் ஒரு ஆசிரியர் நிற்க முடியுமா?" என்று கேட்டால் அது செய்யக்கூடிய வேலை. செய்தார்களா என்று பார்க்கவும் முடியும்.

பள்ளிக்குப் போகும்போது

அடுத்த பிள்ளையின் வீட்டுக்குப் போகாதீர்கள். நேர்மையான பெற்றோர்கூட, வாசலில் வந்து நிற்பவரிடம் தன் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பிள்ளைகள் விஷயம் தெருச் சண்டையாகிவிட்டால் பள்ளி கையைக் கழுவிக்கொள்ளும். அந்தப் பிள்ளையை கேட்டில் நிறுத்தி நீங்களே மிரட்டுவது இன்னும் மோசம். வயதில் பெரியவர் ஒரு சிறுவனை மிரட்டினார் என்று புகார் உங்கள் மேல் திரும்பும்.

முதலில் வகுப்பாசிரியர். பெற்றோர் கூட்டத்தில் பத்துப் பேர் நடுவில் வேண்டாம். "இருபது நிமிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று நேரம் கேட்டுப் போங்கள். நோட்டும் படமும் கையில் இருக்கட்டும். கூடவே ஒரு கடிதம், இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். கடிதம் சுருக்கமாக, இப்படி இருந்தால் போதும்:

"என் மகன் ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவில் படிக்கிறான். ஜூலை 8, 10, 15 ஆகிய நாட்களில் மதிய இடைவேளையில் தண்ணீர்க் குழாய் அருகே எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் அவனைத் தடுத்துப் பணம் கேட்டிருக்கிறார்கள். 15ஆம் தேதி சாப்பாட்டு டப்பாவைத் தட்டிவிட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் இடைவேளையில் ஆசிரியர் மேற்பார்வை, பிரச்சினை வந்தால் அவன் உடனே போய்ச் சொல்ல ஒரு குறிப்பிட்ட ஆசிரியர், ஒரு வாரம் கழித்து எங்களுடன் மறு சந்திப்பு ஆகிய மூன்றையும் கேட்டுக்கொள்கிறேன்."

"ரவுடிப் பையன்", "வளர்ப்பு சரியில்லை" போன்ற சொற்கள் கடிதத்தில் வேண்டாம். நடந்தது, தேதி, கேட்பது. மற்ற மாணவர்களின் பெயரை நேரில் சொல்லுங்கள், அல்லது மூடிய உறையில் கொடுங்கள்.

இரண்டு விஷயங்கள் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒன்று, இருவரையும் எதிரெதிரே நிறுத்தி "கை குடுத்துக்கோங்க" என்று சமாதானம் செய்வது. சண்டைக்கு அது சரி, துன்புறுத்தலுக்குச் சரியில்லை. பயந்த பிள்ளை அங்கே எல்லாவற்றுக்கும் தலையாட்டும், வெளியே வந்ததும் விலை கொடுக்கும். இருவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். இரண்டு, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கண்டிப்பது. அவமானப்பட்டவன் கணக்கு வைத்துக்கொள்வான்.

எதிர்த் தரப்பை விசாரிக்கும் முன்பே உங்கள் பிள்ளையின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த மாணவர் ஒருவரை அவருடைய பள்ளியிலேயே படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த மாணவர் அதற்கு முன் சில நாள் பள்ளிக்கே போகாமல் இருந்திருக்கிறார். காரணத்தைப் பள்ளியில் சொன்ன பிறகே தாக்குதல் நடந்தது. விசாரணை நடக்கும் வாரத்தில் பிள்ளை எந்த வழியாக வீட்டுக்கு வரும், யாரோடு வரும், புகார் கொடுத்தது யாருக்கெல்லாம் தெரியும் என்பதை ஆசிரியரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கைகளில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் போன்றவற்றைச் சாதி அடையாளமாக அணிவதைத் தடுக்க வேண்டும், வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. உங்கள் பிள்ளை கையில் ஒரு கயிறு கட்டி வந்தால், யார் கட்டிவிட்டது, அந்த நிறம் யாருக்கு என்று கேளுங்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்று உங்கள் பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கேட்கிறதா என்றும் கவனியுங்கள். அந்தக் கேள்வி பள்ளியில் முளைப்பதில்லை, வீட்டுத் திண்ணையில் முளைக்கிறது. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது, உடம்பில் கை வைப்பது, உடை மாற்றும்போது படம் எடுப்பது இவையெல்லாம் பள்ளிக்குள் பேசி முடிக்கும் விஷயங்கள் அல்ல. முதலாவதற்கு, இழிவுபடுத்தப்பட்ட பிள்ளை பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தது என்றால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாலியல் சார்ந்தவற்றுக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம்; அதன்படி தெரிந்தவர் புகார் செய்யாமல் மறைப்பதே குற்றம், ஆசிரியராக இருந்தாலும்.

வகுப்பாசிரியரிடம் சொல்லி ஒரு வாரத்தில் மாற்றமில்லை என்றால் தலைமை ஆசிரியர். அதற்கும் பதில் இல்லை என்றால், அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அதற்கும் மேலே மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால், துன்புறுத்தலைத் தடுக்கக் குழு அமைக்கச் சொல்லி வாரியம் 2015 மார்ச்சில் அனுப்பிய சுற்றறிக்கையைக் காட்டி, அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. நாடு முழுவதற்குமான குழந்தைகள் உதவி எண் 1098. அதில் பிள்ளையே நேரடியாகப் பேசலாம். அந்த எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்ய வைப்பது வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வைப்பதைவிட அவசரமான வேலை.

துன்புறுத்துபவர் ஆசிரியராகவே இருந்தால்? "தண்டம்", "எருமை" என்று தினமும் அழைப்பதும், அதைக் கேட்டு வகுப்பு சிரிப்பதும் நடக்கிறது. ஆசிரியர் வைத்த பெயரை வகுப்பு முழுவதும் பிடித்துக்கொள்ளும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதை மட்டுமல்ல, மன ரீதியாக வதைப்பதையும் தடை செய்கிறது. கடிதத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு நேராகத் தலைமை ஆசிரியருக்கே கொடுங்கள்.

கைபேசியில் நடப்பது

ஆசிரியர் இல்லாத வகுப்புக் குழுக்கள் வாட்ஸ்அப்பில் இருக்கும். ஒருவனின் முகத்தை ஸ்டிக்கராக்கி ஓட்டுவது, ஒருத்தியை மட்டும் சேர்க்காமல் புதுக் குழு தொடங்குவது, இரவு பதினோரு மணிக்கு ஐம்பது செய்தி வருவது. பள்ளித் துன்புறுத்தல் நான்கு மணிக்கு முடிந்துவிடும். இது படுக்கை வரை வரும்.

வரிசை முக்கியம். முதலில் ஸ்கிரீன்ஷாட்: அனுப்பியவர் பெயர் அல்லது எண், தேதி, நேரம் தெரியும்படி. மறைந்துபோகும் செய்தி என்றால் இன்னொரு போனால் படம் எடுங்கள். ஆபாசப் படமாக இருந்தால் அதை நகலெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், ஆசிரியருக்குக்கூட. அந்த போனை அப்படியே காவல் துறையிடம் காட்டுங்கள். அடுத்து அந்தச் செயலியிலேயே புகார். கடைசியில்தான் பிளாக். முதலிலேயே அழித்து பிளாக் செய்துவிட்டால் ஆதாரம் போய்விடும். பதில் மட்டும் எழுதவே வேண்டாம். பதிலை வெட்டி ஒட்டி, உங்கள் பிள்ளைதான் ஆரம்பித்தது என்று காட்டுவார்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

தண்டனையாக போனைப் பிடுங்கிவிடாதீர்கள். போன் போய்விடும் என்ற பயத்திலேயே பல பிள்ளைகள் சொல்லாமல் இருக்கிறார்கள். இரவு ஒன்பதரைக்கு வீட்டில் உள்ள எல்லாருடைய போனும் கூடத்தில் சார்ஜுக்குப் போகும் என்று வைத்தால் அது தண்டனையாக இருக்காது. எல்லாருடையதும் என்றால், அப்பாவுடையதும்தான்.

பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளை

உங்கள் பிள்ளை அடிபடுபவனும் இல்லை, அடிப்பவனும் இல்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை என்று நினைக்காதீர்கள். தடுக்கும் வழி பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சல்மிவல்லியும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வகுப்பில் துன்புறுத்தல் நடக்கும்போது மற்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தது. சிலர் கூடச் சேர்ந்து பிடித்துக்கொள்கிறார்கள், சிலர் சிரித்து ஏற்றிவிடுகிறார்கள், சிலர் ஒதுங்கிப் போகிறார்கள், சிலர் தடுக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘கீவா’ என்ற பள்ளித் திட்டம், சுற்றி நிற்பவர்களை மாற்றுவதையே மையமாக வைத்திருக்கிறது. சிரிக்க ஆள் இல்லாவிட்டால் சீண்டுபவனுக்கு மேடை இல்லை.

பிள்ளையை வீரனாக்க வேண்டாம். நடுவில் புகுந்து தடுக்கச் சொன்னால் அவனுக்கும் அடி விழும். சிரிக்காதே, ஸ்டிக்கரை ஃபார்வர்ட் பண்ணாதே, முடிந்ததும் அவன் பக்கத்தில் போய் உட்கார், "வா, தண்ணி குடிக்கப் போலாம்" என்று கூப்பிடு. இது எந்தப் பிள்ளையாலும் முடியும். ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு மதியம் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தாலே அந்த நாள் மாறிவிடும்.

"போட்டுக் குடுத்துட்டான்னு சொல்லுவாங்க" என்பதுதான் பிள்ளைகளின் பெரிய தடை. அவர்களுக்குப் புரியும் ஒரு வரி: ஒருத்தனை மாட்டிவிடணும்னு சொன்னா கோள், மாட்டிக்கிட்டவனை வெளிய எடுக்கணும்னு சொன்னா உதவி. நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற பெட்டி இருக்கிறது. பெயர் எழுதாமல் போடலாம். தனியார் பள்ளியில் அப்படி ஒன்று இல்லையென்றால் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வைத்த பிறகு யார் திறக்கிறார்கள், எப்போது திறக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. கருவாச்சி, குண்டம்மா, நெட்டை, தத்தி என்று பாசமாகவே கூப்பிடும் வழக்கம் நம்மிடம் அதிகம். அந்தப் பெயரை வீட்டில் சிரித்துக்கொண்டே பொறுத்துப் பழகிய பிள்ளை பள்ளியிலும் பொறுத்துக்கொள்ளும். அல்லது இன்னொரு பிள்ளைக்கு வைக்கும். விருந்தாளியாக வந்த மாமா அப்படிக் கூப்பிட்டால், பிள்ளை காதில் விழும்படி "அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கண்ணா" என்று சொல்லிவிடுங்கள். மாமாவுக்குச் சங்கடம்தான். ஆனால் பெயருக்காக எதிர்த்துப் பேசலாம் என்று பிள்ளை அன்றைக்குத் தெரிந்துகொள்ளும்.

உங்கள் பிள்ளை மேல் புகார் வந்தால்

"என் புள்ள அப்படிச் செய்ய மாட்டான்" என்ற வாக்கியத்தை அடக்கிக்கொள்ளுங்கள். "சொன்னதுக்கு நன்றி. விசாரிச்சு நாளைக்குப் பேசுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். வீட்டில் "செஞ்சியா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் வரும். "இப்படி நடந்துச்சுன்னு சொன்னாங்க. உன் பக்கம் என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்று கேளுங்கள்.

பெல்ட்டை எடுத்தால், பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாம் என்ற அதே பாடத்தை நீங்களும் நடத்தியதாக ஆகிவிடும். அதைவிட, செய்த சேதத்தைச் சரி செய்ய வைப்பது வேலை செய்யும். பிடுங்கிய பணத்தைக் கைச்செலவுக் காசிலிருந்து திருப்பித் தருவது, உடைந்த டப்பாவுக்குப் பதில் வாங்கித் தருவது, பரப்பிய படத்தை எல்லாக் குழுவிலிருந்தும் நீக்குவது. ஆசிரியர் வழியாகச் செய்யுங்கள். அந்தப் பிள்ளையை நேரில் எதிர்கொள்ள வைக்க வேண்டாம். அடுத்த ஆறு வாரம் ஆசிரியரிடம் வாரம் ஒருமுறை கேளுங்கள். சரியாக நடந்துகொண்ட வாரத்தில் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கூடவே, பெரிய பையன்கள் யாரிடமாவது, டியூஷனிலோ தெருவிலோ வீட்டிலேயோ, உங்கள் பிள்ளையும் அடிவாங்குகிறதா என்று பாருங்கள். வாங்கியதை இறக்கி வைக்க இடம் தேடும் பிள்ளைகள் உண்டு.

தள்ளிப் போடக் கூடாதது

"செத்துப் போலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னாலோ எழுதினாலோ, பிடித்த பொருட்களை எல்லாருக்கும் கொடுக்கத் தொடங்கினாலோ அதை மிரட்டல் என்று எடுக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்காமல் விட்டால் பிள்ளை அதோடு தனியாக இருக்கும். அன்று இரவு தனியே படுக்க விடாதீர்கள். பூச்சிமருந்து, எலிமருந்து, தாத்தாவின் மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 நாள் முழுவதும் எடுக்கும், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104க்கும் அழைக்கலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பள்ளி விவகாரம் அதன் பிறகு.

இரண்டு முறை எழுத்தில் கொடுத்தும் எதுவும் மாறவில்லை, பிள்ளை நாளுக்கு நாள் கரைகிறது என்றால் டி.சி. வாங்குவதில் தவறில்லை. அதைத் தோற்று ஓடுவதாகப் பிள்ளையிடம் பேசாதீர்கள். புதுப் பள்ளியில் சேரும் முன், அந்த வகுப்பில் படிக்கும் ஒரே ஒரு பிள்ளையையாவது வீட்டுக்கு அழைத்து விளையாட விடுங்கள். முதல் நாள் மதியம் யாரோடு உட்கார்வது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளி நடவடிக்கை எடுத்து எல்லாம் அடங்கிவிட்டது என்றால், இரண்டாவது வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் அதே வரைபடத்தைப் புதிதாக வரையச் சொல்லுங்கள். பழைய படத்தைக் காட்டாமல் வரையச் சொல்ல வேண்டும். சிவப்பு மஞ்சளாகியிருந்தால் மேற்பார்வையைத் தொடரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு இடத்தில் சிவப்பு மறைந்து இன்னொரு இடத்தில் முளைத்திருந்தால் அந்த இடத்தோடு மறுபடி வகுப்பாசிரியரிடம் போங்கள். தேர்வு முடிந்து கோடை விடுமுறை விடும் வரை நோட்டை வைத்திருங்கள். ஜூனில் வகுப்பு மாறும்போது, புது ஆசிரியரிடம் முதல் வாரத்திலேயே அதைக் காட்ட வேண்டியிருக்கும்.